காலரில் ஒரு கோடு

பஞ்சு வைத்த டப்பாவைத் திறந்து, நடுவிரல் உயர இத்தாலியச் சிப்பாய்ப் பொம்மையை என் மேஜையில் நிறுத்தினாள் பல்லுவின் மனைவி. பல்லு என்பது எங்கள் சங்கத்தில் அவனுக்கு வைத்த பெயர். பல் செட் கட்டுவது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் போலவே பொம்மைச் சிப்பாய் செய்வான். அவன் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

"போட்டியில தோத்ததிலேருந்து அவரு பிரஷ்ஷத் தொடவே இல்லண்ணே. இதுல எங்கயோ தப்புன்னு சொன்னாங்களாமே, அத நீங்க சரிபண்ணிக் குடுங்க. அவர் போட்டோ பக்கத்துல வைக்கணும். தப்போட வைக்க மனசு வரல."

எங்கே தப்பு என்று எனக்குத் தெரியாதா என்ன.

முதல் உலகப் போர்க் காலத்துக் காலாட்படை ஆள். கம்பியை வளைத்து எலும்பு செய்து, மேலே பிசின் அப்பி, பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும் அதே ஊசியால் சட்டை மடிப்புகளை இழுத்திருந்தான். கெண்டைக்காலில் சுற்றிய துணிப்பட்டை சுற்றுச் சுற்றாகத் தனித்துத் தெரிந்தது. தூக்கிய ஒரு குதிகாலுக்கு அடியில், யாரும் பார்க்கப் போகாத இடத்தில், பூட்ஸ் ஆணிகளை எண்ணி வைத்திருந்தான். சாம்பலும் பச்சையும் கலந்த அந்தச் சீருடை நிறத்தை நான் இருபது வருஷமாகத் தேடுகிறேன். அச்சகத்தில் மை கலக்குவதுதான் என் பிழைப்பு. அவன் மூன்றாவது தடவையிலேயே பிடித்துவிட்டான். அதைப் பார்த்த அன்று எனக்கு வயிறு எரிந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தான். "காலர் பட்டையில வெள்ளைக்கு நடுவுல ஒரு கோடு வருமேண்ணா, இந்தப் படைக்கு அது என்ன கலர்?" படைக்குப் படை அந்தக் கோடு மாறும். இதற்குச் சிவப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"நீலம்டா" என்றேன். நாக்குக் கூசவில்லை.

"நீங்க சொன்னா சரிதாண்ணா" என்று வைத்துவிட்டான்.

நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, தொப்பியிலிருந்து இறங்கி வந்து, காலரில் நின்று உதட்டைப் பிதுக்கினார். முதல் பரிசு எனக்கு. வெளியே வந்து அவன் தோளில் கைபோட்டு, "விடுறா, நானும் தப்பாப் படிச்சிட்டேன் போல" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

"உங்க மேல அவருக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே." என் முகத்தைப் பார்த்து அவன் மனைவி என்ன நினைத்தாளோ. "அண்ணனே தடுமாறுற விஷயம், நான் எம்மாத்திரம்னுதான் சொல்வாரு."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு விளக்கைக் கிட்டே இழுத்தேன். நீலத்தைத் துடைத்துவிட்டுச் சிவப்பு வைக்கப் பத்து நிமிஷம் ஆகும். அவள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

பல்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, காலரின் இடப்பக்கம் வைத்தேன். நீலம் இளகிப் பஞ்சில் ஏறியது. அடியில் வெள்ளை வரும் என்று பார்த்தால் சிவப்பு வந்தது. மயிரிழைக் கோடு, ஓரம் துளியும் வழியவில்லை, மேலே காப்புக்கு வார்னிஷ்கூட அடித்திருந்தான். முழுதாக முடித்த வேலை. அதன் பிறகுதான் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளும் குனிந்தாள்.

"அடியில சிவப்பு இருக்கே. எதுண்ணே சரி, சிவப்பா நீலமா?"

"சிவப்பு."

"அப்ப மொதல்ல சரியாத்தானே போட்டிருக்காரு. பின்ன எதுக்கு மாத்துனாரு?"

பதிலுக்காக அவள் நிமிரவில்லை. சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலரில் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். நான் பிடித்திருந்த பஞ்சிலிருந்து நீலம் கசிந்து, என் நகக்கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.