அறுக்காத வால்வு

"அறுத்தா என்னங்க தெரியும்? வெளிக்காத்து உள்ள போயிடும். முன்னாடியே கசிஞ்சிருந்துச்சா, இப்பத்தான் போச்சான்னு அப்புறம் யாருகிட்டப் போய்க் கேப்பீங்க?"

"நீ உன் மீட்டர நம்பு. நான் என் கைய நம்புறேன். ஜாயின்ட் போயிடுச்சு, அவ்வளவுதான்."

பக்கத்துப் பட்டறை லேத்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ நிலைய டிரான்ஸ்மிட்டரில் எரியும், உள்ளே காற்றில்லாத பெரிய வால்வுகளைப் புதுப்பிக்கும் புருஷனும் பெண்டாட்டியும் மோதுவது அவருக்குப் புதிதில்லை. புருஷன் அறுத்து, ஃபிலமென்ட் மாற்றி, காற்றை உறிஞ்சி, கேஸ் டார்ச்சால் உருக்கி ஜாயின்ட் போட்டு மூடுவார். சோதித்து அனுப்புவது அவள் வேலை.

மேஜைமேல் நின்ற குடத்தளவு வால்வு இவர்கள் கையில் மறுபிறவி எடுத்ததுதான். நிலையத்தில் ஸ்பேராக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த வால்வு படுத்ததும் இதை மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே படாரென்று ஒரு பொறி; கழற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். போன் செய்தவன் அங்கே ஆபரேட்டராக இருக்கும் அவள் தம்பியேதான். இப்போது சின்ன டிரான்ஸ்மிட்டரில் காலம் தள்ளுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்பதில்லை.

அந்த போனுக்குப் பிறகு அவர் டார்ச்சைத் தொடவே இல்லை. பாதி வேலையில் நின்ற வால்வுகள் துணி மூடிக் கிடந்தன. "எனக்குக் கை போயிடுச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது. சோதிக்காமலே தன்மேல் தப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டார். இதை அறுத்தால் அந்தத் தீர்ப்பு காலத்துக்கும் நின்றுவிடும்.

அறுக்கும் மெஷினின் ஃப்யூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். "திங்கக்கிழமை வரைக்கும் இது என் பொறுப்பு."

வால்வை நிமிர்த்தி வைத்து ஃபிலமென்டை மட்டும் மெல்லச் சூடேற்றினாள். உள்ளே வாயு இருந்தால் மீட்டர் முள் எழும்பும். எழும்பியது. எட்டிப் பார்த்தவர் "பாத்தியா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவள் அசையவில்லை. பகல் முழுக்க ஃபிலமென்டை எரியவிட்டாள். சூடான உலோகம் உள்ளே திரியும் வாயுவை விழுங்கும். சாயங்காலம் முள் அடியில் படுத்தது. அது போதாது. ஓட்டை இருந்தால் மறுபடி ஏறும். அணைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று பட்டறையைப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தம்பிக்கு போன் போட்டாள். வால்வு வந்ததிலிருந்து எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"அலமாரியிலதான்க்கா. பெட்டியப் பிரிக்கவே இல்ல. மாட்டுனதும் நேரா ஃபுல் பவர். வேற மாதிரி செய்யணும்னா நீயாவது மாமாவாவது சொல்லியிருக்கணும்ல?"

அவள் போனை வைத்தாள். நெடுநாள் சூடேறாமல் சும்மா கிடக்கும் வால்வில், குளிர்ந்த உலோகமே கொஞ்சம் வாயு விடும். சூடேற்றிப் பழக்காமல் முழு வோல்டேஜ் கொடுத்தால் பொறி பறக்கும். புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் இது தெரியும். தம்பியிடம் அவர் சொல்லியிருப்பார் என்று அவள் இருந்தாள், அவள் சொல்லியிருப்பாள் என்று அவர் இருந்தார்.

திங்கட்கிழமை அவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சூடேற்றினாள். முள் விட்ட இடத்திலேயே கிடந்தது. அவர் மீட்டர் கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"மீட்டர் ரிப்பேரோ?"

"என் மீட்டர் நல்லாத்தான் இருக்கு. உங்க ஜாயின்ட்டும் நல்லாத்தான் இருக்கு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றினார்கள். நடுவில் ஒரு பொறி. சுவிட்சுக்குத் தாவிய அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். முள் துள்ளி அடங்கியது. கடைசிவரை ஏற்றினார்கள், தாங்கியது.

நிலையத்தில் வால்வை மாட்டிய அன்று தம்பி கூப்பிட்டான். "மலைக்கு அந்தப் பக்கம் கேக்குதாம்க்கா."

அவர் கையை நீட்டினார். "அந்த ஃப்யூஸக் குடும்மா. அடுத்தது காத்துக்கிட்டிருக்கு."

இப்போது அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும், சூடேற்றும் முறையை எழுதி ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். சும்மா இருக்கும் வால்வை மாதாமாதம் சூடேற்றணும் என்கிறாள் அவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார் அவர். லேத்காரர் மறுபடி மெஷினை நிறுத்திவிட்டார்.

ஸ்பேர் வால்வு வைத்திருப்பவர்களே, நீங்கள் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சூடேற்றுகிறீர்கள்? அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். சீட்டில் எத்தனை மாதம் என்று எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.