பாலீஷ் போட்ட கற்கோடரி

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏதோ ஓர் அருங்காட்சியகம், பெயர் வேண்டாம். கூட வந்தவள் என் தோழி வனஜா. பார்வையில்லாதவள், ஆவடியில் வங்கி வேலை. அங்கே பிரெயில் அட்டை வைத்திருந்தார்கள், கண்ணாடிக்கு உள்ளே! வனஜாவின் விரல் கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டே போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாகப் போயிற்று.

"எழுது. அப்பவாச்சும் நாலு பேருக்கு உறைக்கும்" என்றாள்.

2

முதல் வரி: சுரேகாவின் உலகில் நிரந்தர இருள்...

(வனஜாவின் போன் இதை வாசித்துக் காட்டியதும், "இன்னாபா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். அங்கேயே விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் சுரேகா இறங்கியபோது மணி பத்து. கையில் மடக்குக் கோல், வயிற்றில் பொங்கல். இது நிற்கட்டும்.

அவள் கோவில்பதாகையில் குடியிருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வனஜாவைப் போலவே பார்வையில்லாதவள். அவள் போகிற அருங்காட்சியகத்தை நானே கட்டினேன். தேடிப்போய் ஆட்டோவுக்குக் கொட்டிக் கொடுக்காதீர்கள். அதன் காப்பாட்சியர்* நடேசன் இரண்டு வருடம் அலைந்து, தொட்டுப் பார்க்க ஒரு மேசைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார். அதில் வைக்க, ஆதிமனிதன் செதுக்கிய கற்கோடரிக்கு பைபரில் ஒரு நகல். நாளை திறப்புவிழா. பார்வையற்றோர் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். சுரேகா இன்று தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

(* இந்தச் சொல்லை வனஜாவின் போன் தடுக்கித் தடுக்கி வாசித்தது. மாற்ற மனமில்லை.)

3

நகல் கைக்கு வந்ததும் சுரேகா திருப்பித் திருப்பித் தடவினாள்.

"சார், இது கல்லா, சோப்புக் கட்டியா?"

பதில் சொன்னவர் அதைச் செய்த ஜஸ்டின். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பைபர் பட்டறை, வண்டி பம்பர்கள்தான் வழக்கமான வேலை. "மோல்டுலேர்ந்து எடுக்கசொல்லோ ஒரே குண்டும் குழியுமா இருந்துச்சு மேடம். எங்க பட்டறைல அப்டியே டெலிவரி குடுக்க மாட்டோம். குழிய புட்டி வச்சு அடைச்சு, எமரி ஷீட் போட்டுத் தேச்சு, மூணு நாள் பினிஷிங் பண்ணிக்கீறேன்."

"அய்யோ, அந்தக் குழிதாம்பா கோடரியே! செதுக்கின அடையாளம்பா அது!" என்றார் நடேசன். நிஜக் கல் இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

சுரேகாவுக்குக் கோபம் வந்தது. ஜஸ்டினின் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் பாதியில் நின்றது. பள்ளிச் சுற்றுலாவில், அருங்காட்சியகத்துக்குள் பார்க்கப் போனவர்களின் பைகளை எல்லாம் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் வாசலில் நின்றவள் அவள். நாளை வருகிற பிள்ளைகள் சோப்பைத் தடவிவிட்டுப் போகக் கூடாது. ஆனால் வேண்டாம் என்றால் நடேசனின் இரண்டு வருட அலைச்சல் போச்சு.

(ஜஸ்டினை வில்லனாக்கப் பார்த்தேன். இவ்வளவு அக்கறையாகக் கெடுத்தவரை எப்படித் திட்டுவது?)

4

முடிவு அ: நடேசன் அலமாரியைத் திறந்து நிஜக் கல்லையே மேசையில் வைக்கிறார்.

முடிவு ஆ: ஜஸ்டின் பட்டறைக்கு ஓடி, பினிஷிங் ஆசையை அடக்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் வேறொன்று வார்த்து வருகிறார்.

முடிவு இ: நடேசன் விழாவைத் தள்ளிவைக்கிறார், எல்லோரும் டீ குடிக்கிறார்கள்.

மூன்றையும் வனஜாவுக்கு அனுப்பினேன். எனக்கு மூன்றும் பிடித்திருந்தது. உடனே கூப்பிட்டாள்.

"மூணுலயும் அந்த ரெண்டு ஆம்பளைங்கதான் முடிவு பண்றாங்கோ. அந்தப் பொண்ணு கோல மடிச்சு வச்சிகினு சும்மா ஒக்காந்துகினு கீது. அப்ப அவள இன்னாத்துக்குக் கூப்ட?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்றையும் தள்ளிவிட்டுக் கதைக்குள் போனேன்.

"நீங்க சொல்லுங்க சுரேகா, என்ன பண்ணலாம்?"

நடேசனும் ஜஸ்டினும் பேச்சை நிறுத்தினார்கள்.

"முதல்ல அந்தக் கல்ல என் கைல குடுங்க" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

அலமாரியைத் திறந்து நிஜக் கல்லைக் கொடுத்துவிட்டோம். அவள் அவசரப்படவில்லை. நாங்கள் மூவரும் நிற்கிறோம், எனக்கு இது நிறைவாகவே இருக்கிறது. நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கே மட்டும் பேசாதீர்கள்.