பிடிக் கொழுந்து

அந்தி நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்து சுமந்து இறங்குகிற பெண்கள் பெரிய பாறைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அங்கே நின்றால் கீழே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசோடு நிற்கிற கணக்கப்பிள்ளையின் கண்ணுக்குப் படாது. தனலெட்சுமி முதலில் தன் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளினாள். பவுலினாவின் பைக்குள் போட்டுவிட்டு, பாக்கு மெல்லுகிற வாயோடு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொரு பிடி போட்டார்கள்.

"போதும் புள்ள... ஒனக்குக் கொறைஞ்சிறப் போவுது" என்றாள் பவுலினா.

"வாய மூடிக்கிட்டு பையத் தூக்குங்கக்கா. எனக்குக் கொறைஞ்சா நான் ஒங்க வீட்டுல வந்து சோறு தின்னுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பவுலினாவும் சிரிக்கத்தான் பார்த்தாள், மூச்சு இடங்கொடுக்கவில்லை. பாறையில் கையை ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். இறப்பர் செருப்பின் வார் வீங்கிய காலில் பதிந்து கிடந்தது. தலையில் இறுக்கிக் கட்டியிருந்த துணிக்குள் முடி கிடையாது. எல்லாம் சிவப்பு மருந்தோடு போய்விட்டது.

நிறுவையில் தோட்டம் கேட்கிற அளவு நின்றால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். பவுலினாவின் மார்பை அறுத்து எடுத்துவிட்டு, பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒரு நாளும் அரைப்பேர் விழவில்லை. அரிசி பொங்கும்போது கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி நிரையில் நின்ற பெண்கள் அவளுக்கென்று ஒரு பிடிக் கொழுந்து ஒதுக்கிவைத்தார்கள். ஒருவர் கொழுந்தை ஒருவர் பையில் போடுவது தெரிந்தால் ஷெல்டன் கணக்கப்பிள்ளை இரண்டு பேருக்கும் பேர் வெட்டுவார். அதனால் லயத்து வீடுகளில் கூட யாரும் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

மறுநாள் கிளினிக். விடியற்காலை பஸ்ஸில் மடுல்சீமையிலிருந்து இறங்கி, பதுளையில் ஆஸ்பத்திரி வாங்கில் வந்து உட்கார்ந்தபோது மகள் டிலானி எல்லவிலிருந்து வந்து காத்திருந்தாள். அங்கே ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. தகப்பன் மத்தேயு செத்த பிறகு தாய்க்கு மகளும் மகளுக்குத் தாயும்தான். டிலானி கைப்பையைத் திறந்து புதுப் போத்தல் ஒன்றை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

"பழசு முடிஞ்சிருக்கும். இந்தாங்க."

போத்தலின் மேல் ஒரு சிவப்பு இதயப் படம், அதைப் பொத்திப் பிடித்த இரண்டு கைகள். முதல் தடவை மருந்து ஏற்றும்போதே டொக்டர் சொல்லியிருந்தார். இந்த மருந்து கட்டியைக் கொல்லும், ஆனால் சில பேருக்கு இதயத்தைக் களைக்க வைக்கும், இடைக்கிடை ஸ்கேன் பார்க்க வேண்டும், மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும் என்று. அதில் இதயம் என்ற ஒரு சொல்லுதான் டிலானியின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. போனில் தேடினாள். இதயத்தைக் காக்கிற சத்து மாத்திரை என்று ஒரு பெண் அழுதழுது பேசுகிற விளம்பரம் வந்தது. அன்றிலிருந்து அதை வாங்குகிற காசுக்காக லீவு நாளிலும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள்.

பவுலினா போத்தலைத் தடவிப் பார்த்தாள். போன இரவு அவள் படுக்கவே இல்லை. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து, ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். மேல் லயத்தில் ஒருத்திக்கு அப்படித்தான் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை.

பேரைக் கூப்பிட்டார்கள். டொக்டர் முஹ்ஸினா தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"எப்பிடி இருக்கிறீங்க பவுலினாம்மா? மூச்சு எடுக்கக் கஷ்டமா?"

"மலையில ஏறினா எல்லாருக்கும் வாங்குந்தானே டொக்டர்."

"வேலைக்குப் போறீங்களா?"

டிலானி முந்திக்கொண்டாள். "மருந்து ஏத்தின களைப்பு தீந்தா ஒரு நாளும் விடுறதில்ல டொக்டர். முழுப்பேர் எடுக்கிறாங்க! நான் இத விடாமக் குடுக்கிறேன், அதான்" என்று போத்தலை மேசையில் வைத்தாள்.

டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். திட்டப் போகிறார் என்று பவுலினா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டவில்லை.

"மகள், இது இதயத்தப் பாதுகாக்கும்னு நம்பிக் குடுக்க ஆதாரம் இல்ல. இப்பிடிச் சத்து மாத்திரையில சிலது நாங்க ஏத்துற மருந்தோட மோதவும் கூடும். எங்களுக்குக் காட்டாம எதையும் குடுக்காதீங்க. இதயத்தப் பாதுகாக்கிறதுன்னா நாங்க ஸ்கேன்ல பாத்துக்கிட்டு இருக்கிறதும், உடம்புக்குள்ள நடக்கிறத நீங்க ஒளிக்காமச் சொல்றதுந்தான்."

டிலானியின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அம்மா எப்பிடி டொக்டர் முழுப்பேர் எடுக்குது? சொகமா இருந்த காலத்துல கூட சில நாள் கொறையும். இப்ப ஒரு நாள் கொறையலயே!"

"அதத்தான் நானும் நல்ல அறிகுறின்னு எடுத்தேன். மலையேறி இவ்வளவு கொழுந்து எடுக்கிறவங்களுக்கு இதயம் நல்லாத்தான் வேலை செய்யும்னு ஸ்கேனை அடுத்த மாசத்துக்குப் போட்டேன்." டொக்டர் பேனாவை எடுத்தார். இன்றைக்கு ஏற்ற வேண்டிய மருந்தை எழுத வேண்டும்.

திறந்த கதவுக்கு அப்பால் யாருக்கோ சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பவுலினா அதைப் பார்த்தாள். சொன்னால் அது நிற்கும். பாறை மறைவில் நடந்ததும் வெளியே வரும். சொல்லாவிட்டால் இன்றைக்கும் அது இந்த நெஞ்சுக்குள்தான் இறங்கும். மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"டொக்டர், அது மாத்திரையும் இல்லீங்க, நானும் இல்லீங்க" என்றாள். "அந்தக் கொழுந்து தனலெட்சுமியோடது. மத்தப் புள்ளைகளோடது. என் பையில பாதிக்கு மேல அவங்க போட்ட பிடிதாங்க. நான் நாலு செடிக்கு ஒருக்கா குந்துறேன். ராவுல படுக்க ஏலாம குந்திக்கிட்டுத்தான் தூங்குறேன். தோட்டத்துக்குச் சொல்லிறாதீங்க, அவங்க பேரை வெட்டிருவாங்க."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து பவுலினாவின் காலருகே குனிந்து, கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே கிடந்தது. யாருக்கோ போன் பண்ணினார். மத்தியானத்துக்குள் ஸ்கேன் எடுத்து முடிந்தது.

இதயம் பலவீனப்பட்டிருந்தது. சிவப்பு மருந்தை நிறுத்தினார்கள்.

"என்னையக் கைவிட்டுட்டீங்களா டொக்டர்?"

"ஐயோ, இல்ல! வேற மருந்து இருக்கு, அத யோசிச்சுத் தருவோம். இதயத்துக்கு மாத்திரை எழுதியிருக்கேன், இது உண்மையான மாத்திரை. இன்னைக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா..." அவர் ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். "மலை ஏறக் கூடாது. சுமை தூக்கக் கூடாது. இருந்த இடத்துல செய்யிற வேலை ஏதாவது குடுக்கச் சொல்லித் தோட்டத்துக்கு ஒரு துண்டு தாறேன்."

பஸ் ஸ்டாண்டில் டிலானி பொங்கிப் பொங்கி அழுதாள். "எனக்காவது சொல்லியிருக்கலாம்லம்மா? நான் என்ன பிறத்தியாளா?"

"நீ அத்தன ஆசையா போத்தலத் தூக்கிட்டு வந்த. அது வேலை செய்யலன்னு ஒன் மூஞ்சியப் பாத்து எப்பிடிடி சொல்லுவேன்?" பவுலினா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறி விரிப்பு துவைத்த கை, சொரசொரவென்று இருந்தது.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் ஷெல்டன் கணக்கப்பிள்ளை அந்தத் துண்டைப் படித்தார். பெண்கள் பையை மாட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"குந்திக்கிட்டுச் செய்யிற வேலையா? நர்சரிக்கு ஆள் நெறைஞ்சு கெடக்கு. முந்தாநாள் வரைக்கும் முழுப்பேர் எடுத்தவ, ஒரே நாள்ல மலை ஏற ஏலாதவளா ஆயிட்டியா?"

பவுலினா வாயைத் திறந்தாள். தனலெட்சுமியின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அதற்குப் பதில் இருந்தது. ஆனால் சொன்னால் சுற்றி நிற்கிற அத்தனை பேருடைய பேரும் போகும்.

"கொழுந்து எடுத்தாப் பேர், எடுக்காட்டி இல்ல. சொகமானா வா" என்று துண்டை நீட்டினார்.

"ஆகட்டுங்கய்யா."

தனலெட்சுமி பவுலினாவின் தோளில் கிடந்த வெறும் பையை உருவித் தன் பைக்கு மேல் போட்டுக்கொண்டு மலைக்கு நடந்தாள்.

அந்திக்குப் பவுலினா மெதுவாக வந்து மடுவத்துக்கு எதிரே மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். மேலே பெண்கள் இறங்குவது தெரிந்தது. இன்றைக்குப் பாறைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. நேரே தராசுக்கு வந்தார்கள். தனலெட்சுமி தன் பையை நிறுத்து முடித்துவிட்டு, இன்னொரு பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். வாய் கட்ட முடியாமல் நிறைந்திருந்தது. பவுலினா அவ்வளவு கொழுந்து தன் நல்ல காலத்திலும் எடுத்ததில்லை.

"இது யாரு பேர்?"

"பவுலினா பேருங்கய்யா."

"ஆள் மலைக்கு வரல. பை தனியாப் போய்க் கொழுந்து எடுத்திச்சா?"

"நாங்க எடுத்தோம். மறைச்சு ஒண்ணும் செய்யல, ஒங்க முன்னாலதான் சொல்றோம். அவங்க பேருக்குப் போடுங்க."

"போட ஏலாது."

"அப்ப பையக் குடுங்கய்யா, நாங்க எங்க பையில போட்டுக்கிறோம்."

"நிறுத்து முடிஞ்ச பைய மறுபடி நிறுக்கிறதில்ல. தோட்டத்துக் கொழுந்து, தோட்டத்துக்குத்தான் போவும்."

தனலெட்சுமி கொக்கியை விட்டுக் கையை எடுக்கவில்லை. "இது என்ன நியாயம்யா?" என்றாள். கணக்கப்பிள்ளை கண்ணைக் காட்டினார். கொழுந்து ஏற்ற வந்த லொறிக்காரன் பையைக் கழற்றி, விரித்திருந்த படங்கில் மற்றவர்களின் கொழுந்துக் குவியலின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தான். கொழுந்து சரிந்து கலந்தது. எது யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பேர் எழுதுகிற புத்தகத்தைக் கணக்கப்பிள்ளை மூடினார்.

லொறிக்காரன் வெறும் பையைக் கொண்டுவந்து பவுலினாவிடம் நீட்டினான். அவள் கையை நீட்டுவதற்குள், உள்தையலில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்ததைக் கணக்கப்பிள்ளை கண்டு, கைதட்டி அவனை நிறுத்தினார். அவன் பையை உதறி, அந்த ஒரு கொழுந்தையும் நகத்தால் எடுத்துக் குவியலில் போட்டுவிட்டு, பையை அவள் மடியில் வைத்தான்.