சின்னப் பெட்டிக்கு ஒரு போர்டு

மகன் விபத்தில் போனதிலிருந்து பிளம்பருக்குப் பசி, தூக்கம், அழுகை எதுவுமே ஒழுங்காக வரவில்லை. வேலைக்கு மட்டும் போய்வந்தார். கை குழாயை முறுக்கும். மனசு மரக்கட்டையாகக் கிடக்கும். மகன் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் சாமான்கள் அவன் கட்டில்மேல் இருந்தன. அவற்றையெல்லாம் இணைக்கிற மதர்போர்டு மட்டும்தான் பாக்கி. "ஒண்ணு அதை ஓட வைங்க, இல்ல என் கண்ணுல படாம எடுத்துப் போடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். எடுத்துப் போடுகிற தைரியம் அவருக்கு இல்லை. எல்லாவற்றையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். "பையனோடது, போர்டு ஒண்ணுதான் பாக்கி" என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் சாமான்களை மாட்டுகிற கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இந்தப் பெட்டியில, இருக்கிறதிலேயே சின்ன போர்டுதாண்ணே உக்காரும். விலையும் கூட. பெரிய போர்டுன்னா கம்மி விலை, பின்னாடி நிறைய சேத்துக்கலாம்."

"பெரிசையே இதுல மாட்ட முடியாதா? நடுவுல ரெட்யூசர் மாதிரி ஏதாவது போட்டு?"

முக்கால் இஞ்சுக் குழாயையும் அரை இஞ்சுக் குழாயையும் ரெட்யூசர் போட்டு ஆயுசு பூரா சேர்த்துவைத்த மனிதர் வேறு என்ன கேட்பார்? கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணி பைப் இல்லண்ணே இது! பெட்டியை மாத்திக்குங்க. ஆமா, பையன் எதுக்குக் கேக்குறாரு? கேம் ஆடவா, வேலைக்கா?"

ஊரார் வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளை விஷயம் தெரியவில்லை. "வீட்டுக்குத்தான்" என்று ஒப்புக்குச் சொன்னார்.

"வீட்டுக்குன்னா இதை வாங்கியிருக்க மாட்டாரே. பாருங்க, கைப்பிடி. கூடவே தோள்பையும் தந்திருப்பாங்க. ஊர் மாறிப் போறவங்கதான் இதைத் தேடி வாங்குவாங்க."

தோள்பை சாக்குக்குள்தான் இருந்தது, மடிப்புக்கூடக் கலையாமல். ஏதோ உறை என்று நினைத்திருந்தார். ஆக, கிளம்பத் திட்டம் போட்டிருக்கிறான். வீட்டில் மூச்சு விடவில்லை.

பெட்டியை மாற்றிவிட்டால் அவன் கிளம்ப இருந்தது மனைவிக்குத் தெரியப்போவதில்லை. கடைக்காரர் பெரிய போர்டை எடுத்து மேசைமேல் வைத்தேவிட்டார்.

"வேணாம். சின்னதையே குடுங்க. அவன் நெனச்சபடியே இருக்கட்டும்."

"சரிண்ணே. எந்த ஊருக்குப் போறாரு?"

"சொல்லிக்காமப் போயிட்டான்."

சொன்ன மாத்திரத்தில் மகன்மேல் பொல்லாத கோபம் வந்தது. பாவிப் பயலே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே இந்தப் பெட்டியைத் தூக்கிவந்து உன்னை வண்டி ஏற்றிவிட்டிருப்பேனே! இத்தனை நாளில் அவருக்கு வலித்தது அப்போதுதான்.