தெசாங்காவின் மூச்சு

செர்பியாவில், வால்யேவோ ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் தெசாங்கா பத்தொன்பது வருடமாகப் பரிமாறுகிறாள். நான் அங்கே சமையல்காரி. அவள் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. ஆனால் குளிர்காலத்தில் யாரும் சன்னலைத் திறக்கமாட்டார்கள். மதியத்துக்குள் எதிர்ச்சுவர் புகையில் மறைந்துவிடும்.

மூன்று மாதமாக இருமல் நிற்காததால் அவள் டாக்டரம்மாவிடம் போனாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?"

"ஒண்ணுகூட இல்லீங்க. கடைக்கு வர்றவங்கதான் பிடிப்பாங்க."

"மூச்சுக்குழாய் சுருங்கிக் கெடக்கு. இனியாவது புகையில நிக்காதீங்க. நின்னா மருந்து கேக்காது."

மறுநாள் அவள் அதை முதலாளி மிலுட்டினிடம் சொன்னாள். அவர் வாயில் சிகரெட்டோடு சிரித்தார். "புகை இல்லாத கடைக்கு எவன் வருவான்? காப்பிய மோந்து பாத்துட்டுப் போறதுக்கா?"

"அப்ப நானும் வரல, முதலாளி." இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சன்னலோரம் ஒப்ராத் இருந்தார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், ஓயாமல் ஊதுகிறவர். காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், வெளியே பனியில் நின்று பற்றவைத்தார்.

மிலுட்டின் கதவைத் திறந்து கத்தினார்: "என்னய்யா, பொண்டாட்டி வெரட்டிவிட்ட மாதிரி நிக்கிற?"

"வெரட்டியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா," என்றார் ஒப்ராத். "நுரையீரல்ல புத்து வந்துல்ல போனா. என் சாம்பல் தட்டைக் கழுவுனதுதான் அவ செஞ்ச தப்பு."

மிலுட்டின் தன் சிகரெட்டைப் பனியில் எறிந்தார். "துணியைக் கட்டு, தெசா. உள்ள புகை இல்லாம ஒரு மாசம் பாப்போம்."

வாசலில் கூரை போட்டு இரண்டு பெஞ்சு வைத்தார். முதலில் கூட்டம் குறைந்தது. சீட்டாடுகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். மார்ச்சில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் சாப்பிட வந்தார்கள். அதற்குமுன் நான் அங்கே குழந்தை அழுது கேட்டதில்லை. மிலுட்டின் வெளியே குளிரில் நின்று ஊதிக்கொண்டே எங்களைத் திட்டுவார். ஆனாலும் அந்த ஒரு மாதம் முடிந்ததை அவர் பேச்சிலேயே எடுக்கவில்லை.

மே மாதம் டாக்டரம்மா அவளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்து பார்த்தார். "போனது முழுசா திரும்பாது. ஆனா மோசமாகறது நின்னிருக்கு, மூச்சளவு கொஞ்சம் ஏறியும் இருக்கு."

என் மகள் கல்யாணத்தில் தெசாங்கா எல்லாரோடும் கைகோத்து இரண்டு சுற்று ஆடினாள். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

"அடுத்த சுத்துல எனக்கு எடம் விடுங்கடி!"