சொந்தக்கார வக்கீல்

கோயமுத்தூரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்குச் சொந்தமில்லாத வக்கீலுக்குத்தான் பஞ்சம். அம்மா சொன்ன நான்கு பேரில் மூன்று பேர் என் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்கள். நான்காவது சென்னகேசவன் மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி; என் கணவன் வம்சிக்குச் சித்தப்பா முறை. வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் ஜனத்தில், பெண் கொடுத்தும் எடுத்தும் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு முறை ஆகிவிடுவார்கள்.

விவாகரத்துக்கு நான் தயார். பயமெல்லாம் என்னோடு அம்மா வீட்டில் இருக்கும் ஆறு வயது மகள் சைத்ராவைப் பற்றித்தான். "எங்க ஊட்டுப் புள்ளைய மேக்னா எப்படி வெச்சுக்கறான்னு பாக்கறேன்" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்களிடம் ஸ்பின்னிங் மில் இருக்கிறது. என்னிடம் ஒரு ஸ்கூட்டர்.

வம்சியின் குற்றங்களைப் பதினோரு பக்கம் டைப் செய்து எடுத்துப் போனேன். மாமா முதல் பக்கத்தில் பாதி படித்தார். காபி சொன்னார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க மாமா, யாருக்கு?"

"வம்சிக்குத்தான் அம்மணி. அவனையும் ஒரு வார்த்தை கேட்டுபோடலாம்."

எதிராளிக்கே போன் போடுகிற வக்கீலை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் வம்சி எடுத்துவிட்டான்.

"பாப்பாவ என்ன பண்ணலாங்கற கண்ணு?" என்றார் மாமா. நான் எதிரில் நிற்பதைச் சொல்லவே இல்லை, அந்த மனுஷர்.

"அம்மா கேஸ் போடச் சொல்லுதுங்க சித்தப்பா. எனக்கு வேண்டாமுங்க. மேக்னா கையப் புடிச்சாத்தான் பாப்பா தூங்குவா. அங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம மட்டும் எனக்கு வேணுங்க. தலை நான் பின்னி உட்டாத்தான் அவளுக்குப் புடிக்கும்."

உட்கார்ந்துவிட்டேன். அது உண்மை. நான் பின்னினால் ஸ்கூல் வேன் வருவதற்குள் அவிழ்ந்துவிடும்.

மாமா மாமாதான், வக்கீல் வேறு வேண்டும். மறுநாள் உக்கடத்தில் சாயிரா பானுவைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதவர். பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டு ஏழாவதில் பேனாவை வைத்தார்.

"தகப்பன் குழந்தைக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லைன்னு எழுதியிருக்கீங்க. நிஜமாங்களா?"

"இல்லீங்க, அடிச்சுபோடுங்க." அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. "பாப்பா எங்கூட இருக்கோணும். ஞாயிறு அவருக்குன்னு எழுதுங்க. சனிக்கிழமை சாயங்காலமே கூட்டிட்டுப் போகட்டும்."

"அவரு ஒத்துக்குவாருன்னு எப்படித் தெரியும்?"

"எங்க மாமா ஸ்பீக்கர்ல போட்டாருங்க."

முழுக்கதையும் கேட்டுச் சாயிரா பானு சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினோரு பக்கத்தையும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரே தாளில் எழுத ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் சைத்ரா இரட்டைப் பின்னலோடு வந்து, என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். திங்கட்கிழமை அந்தப் பின்னலை அவிழ்க்காமலே ஸ்கூலுக்கு அனுப்பினேன்.