அலாரம் இருக்கானா?

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அக்கா வீட்டுக்காரருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தேன். கடலுக்கு மேல் காணாமல்போன விமானத்தைப் பற்றி டிவியில் நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். 'விமானி ஏன் வாய் திறக்கவில்லை?' என்று கீழே சிவப்பு எழுத்து ஓடியது. அத்தான் எழுந்தார். ரிமோட் கையில் இருக்க, போய் பிளக்கையே பிடுங்கிவிட்டார். அவரும் விமானிதான். அந்த விமானத்தை ஓட்டிப்போனவர் அவருடைய உயிர் நண்பர்.

"நாங்க அவனை அவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கக் கூடாதுடா," என்றார்.

எழுதுகிறவன் எப்பேர்ப்பட்ட ஜென்மம் பாருங்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், "அத்தான், இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுது. ஆனா விமானத்தை மட்டும் கண்டுபிடிச்சுடாதே. நிஜத்துல கிடைக்காதது உன் கதையில கிடைச்சா எனக்குத் தாங்காது."

சரி என்று தலையாட்டினேன். எவ்வளவு பெரிய வம்பில் மாட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "மேகங்களைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளிப் பறவை..." அடச்சீ.

இரண்டாவது தொடக்கம்: "கடலுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அது..." அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "கடலை விடு. ஆளுங்களைப் பத்தி எழுது," என்றாள்.

ஆட்களிடமே வருகிறேன். அத்தானை இனி பஞ்சு என்றே சொல்கிறேன். பஞ்சு மூட்டையின் மேல் வைப்பதுபோல் விமானத்தை இறக்குவார் என்பதால் நண்பர்கள் வைத்த பெயர். இன்னொருவர் தாத்தா. முப்பது வயதிலேயே தலை வெளுத்துவிட்டது, பாவம். மூன்றாமவர்தான் காணாமல்போனவர். அவர் பெயர் அலாரம்.

அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லும்போது மட்டும் பஞ்சுவின் முகம் இன்றைக்கும் மலர்ந்துவிடுகிறது. விமான நிலையத்துக்குப் பின்புறம் விமானிகளின் ஓய்வறை. ஸ்பிரிங் செத்துப்போன சோபா. நடுவில் உட்கார்ந்தவர் மேல் இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து விழுவார்கள். விலாவில் ஒரு குத்து விட்டால்தான் டீ தரும் இயந்திரம். மூவரும் இளைஞர்களாக இருந்த காலம். ஒரு மழை நாளில் அலாரம் விமானத்தை தடாலென்று இறக்கினார். இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் டீ குடிக்க வந்துவிட்டார்.

(இங்கே ஒரு நிமிடம். விமானத்தின் வால்பக்கம் ஒரு பெட்டி உண்டு, பீக்கன் என்பார்கள். பலமாக அடிபட்டால் தானே விழித்துக்கொண்டு, 'இங்கே ஆபத்து, வாருங்கள்' என்று வானொலியில் அலறும். விமானியே தட்டி எழுப்ப அவர் தலைக்கு மேல் ஒரு சுவிட்சும் இருக்கிறது. பொறியியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்; கதைக்கு இது போதும்.)

தடாலென்று இறங்கியதில் அந்தப் பெட்டி விழித்துக்கொண்டது. மீட்பு ஹெலிகாப்டர் தடதடவென்று வந்து நின்றது. கயிறும் ஸ்ட்ரெச்சருமாக ஓடிவந்தவர்கள் விமானியைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. ஓய்வறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். இறங்கியபின், என்ஜினை அணைப்பதற்கு முன், அபாய அலைவரிசையைத் திருப்பிக் கொஞ்சம் கேட்பார்கள். தங்கள் பெட்டி அலறுகிறதா என்று பார்க்கத்தான். எல்லா ஊர் விமானிகளும் செய்வதுதான் அது. ஆனால் இந்தக் கூட்டத்தில் மட்டும் ஒருவர் கேட்பார்: "அலாரம் இருக்கானா?" மற்றவர் சொல்வார்: "இல்லை." "அப்ப அணை."

அலாரம் இன்னும் ஒரு படி மேலே. துணை விமானியைப் பார்த்து, "நான் இருக்கேனா?" என்பார்.

"இல்ல சார்!"

சிரித்துக்கொண்டே அணைப்பார். என்ன மனுஷன்!

3

தேடுதலை நிறுத்திவிட்டோம் என்று அறிவித்த மறுநாள், ஓய்வறையின் அதே சோபாவில் பஞ்சுவும் தாத்தாவும். நடுவில் இடம் காலியாக இருந்தது.

"சுவிட்ச் தலைக்கு மேலயே இருக்கு," என்றார் பஞ்சு. "மூடியைத் தூக்கி ஒரு தட்டு. தண்ணிக்குள்ள போனப்புறம் அது அலறினா யாருக்குக் கேக்கும்? ஏதோ சரியில்லைன்னு தோணின உடனே தட்டியிருக்கணும்."

"கை ரெண்டுதான்டா இருக்கு. விமானத்தைப் பிடிப்பானா, சுவிட்சைத் தேடுவானா? கரன்ட்டே போயிருந்தா?"

"போகலைன்னா?"

"சரி, தட்டிட்டான்னு வச்சுக்கோ. ஒண்ணும் ஆகாம பத்திரமா இறங்கிட்டான். அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"நாம சிரிச்சிருப்போம்," என்றார் தாத்தா.



(தாத்தா இந்தக் கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. இந்த ஒரு வரிக்காக வைத்துக்கொண்டேன்.)

4

அலாரத்தின் மனைவி, அவருடைய லாக்கரில் இருந்ததை எடுத்துப்போக வந்திருந்தார். ஒரு ஸ்வெட்டர், ஷூ பாலிஷ், பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட். பாக்கெட்டைப் பார்த்ததும் பஞ்சு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்கு விசாரணையில உங்களைக் கூப்பிட்டிருக்காங்களாமே, அண்ணா. தப்பான அலாரம் ஆயிடுமோன்னு பயந்து தயங்குற ஆளா அவருன்னு கேப்பாங்களாம்."

"ஆமாம்மா."

"ஆமான்னு சொன்னா, கூச்சப்பட்டே அத்தனை பேரையும் கைவிட்டார்னு எழுதுவாங்க. இல்லைன்னு சொன்னா, வேணும்னேதான் பேசாம இருந்தார்னு எழுதுவாங்க. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகணும். இதுல எதைச் சுமந்துக்கிட்டு அவ போறது?"

"தெரியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"தெரியாதுன்னு ஊரே சொல்லுது. நீங்க அவரோட சிநேகிதர்."

5

முடிவு ஒன்று: பஞ்சு 'ஆமாம்' என்கிறார். 'எங்கள் சிரிப்புக்குப் பயந்திருப்பான், குற்றம் எங்களுடையது' என்று எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி... (அக்கா பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டாள். "அவரு தேம்பமாட்டாரு. மூக்கைச் சிந்திட்டு, ஜலதோஷம்னு சொல்லுவாரு.")

முடிவு இரண்டு: 'இல்லை' என்கிறார். 'அவனைப்போல் தைரியசாலி கிடையாது.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுநாள் டிவியில் அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் பெரிதாக ஓடும்.

முடிவு மூன்று: அதே நேரத்தில், எங்கோ ஒரு தீவின் மணலில், டீக் கோப்பை இல்லாமலே ஒருவர் பிஸ்கட்டை...

இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இந்த வரியை அழிக்க மனசு வரவில்லை. கிடக்கட்டும்.

6

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலமும் பஞ்சுவுக்கு வேலை இருந்தது. வழக்கம்போல் அலுங்காமல் இறக்கி, விமானத்தை அதன் இடத்தில் நிறுத்தினார். பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். காணாமல்போன கேப்டனின் முழுப்பெயர் அவளுக்குத் தெரியும், பட்டப்பெயர் தெரியாது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து அவளும் கற்றுவைத்திருந்தாள். சிரித்த முகமாகத் திரும்பிக் கேட்டாள்.

"சார், அலாரம் இருக்கானா?"

பஞ்சு அலைவரிசையைத் திருப்பினார். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். சத்தமே இல்லை. இத்தனை வருடமாக அந்த நிசப்தம்தான் நல்ல செய்தி. அதைக் கேட்டதும் 'இல்லை' என்று சொல்லி, அணைத்துவிட்டு, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். இன்று முதல்முறையாக, அது அலறாதா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. தப்பாகவாவது அலறட்டும். ஹெலிகாப்டர் வரட்டும், கயிறோடு ஆட்கள் ஓடிவரட்டும், ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

"சார்?" என்றாள் அந்தப் பெண்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னால் பயணிகள் பைகளை இறக்க எழுந்துவிட்டார்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

மறுநாள் விசாரணையில் தான் என்ன சொன்னார் என்று அத்தான் என்னிடம் சொன்னார். எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அந்தச் சிறுமி எதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதை என் பேனா தீர்மானிக்கக் கூடாது. ஹெட்போனை உங்கள் காதில் மாட்டிவிடுகிறேன். அவசரமில்லை, நன்றாகக் கேட்டுச் சொல்லுங்கள்.

அலாரம் இருக்கானா?